மண்ணுக்குக் காட்டிய சாம்பிராணி

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், "லேப்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவில் லேப் என்றால் ரத்தம், சர்க்கரை, மூத்திரம், அவ்வளவுதான். இதுவரை மூன்று பேர் தங்கள் சர்க்கரை ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டியிருக்கிறார்கள். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, "காப்பியக் குறைங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஆற்றுச் சேற்றைக் காயவைத்து, சலித்து, கரைப்பானில் வேகவைத்து, அதில் என்ன எண்ணெய், என்ன சாயம், என்ன விஷம் ஒட்டியிருக்கிறது என்று மெஷினில் பார்ப்பதுதான் என் வேலை என்று சொன்னால், "அதுக்கா எம்.எஸ்ஸி. படிச்சே?" என்பார்கள். பெற்ற அம்மாவே கேட்டிருக்கிறாள்.

"உங்கப்பா தங்கவயல்ல மண்ணத் தோண்டினாரு, தங்கமாவது வந்துச்சு. நீ தோண்டுற மண்ணுல என்னடி வருது?"

நியாயமான கேள்விதான். வருவதை விவரமாகச் சொன்னால் அன்றைக்குச் சாப்பிட மாட்டாள் என்பதால் சொல்வதில்லை.

எங்கள் லேப் தொம்மலூரில், ஒரு பிரியாணிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கிறது. ஒரு குளத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும் மோப்பம் பிடித்துவிடும் மெஷினைக் கொண்டுபோய் வைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் அமையாது. மேனேஜர் தமிழர்தான். ஆனால் தமிழ் பேசுகிறவர்களிடம் கன்னடத்தைக் கலப்பார், கன்னடம் பேசுகிறவர்களிடம் ஆங்கிலத்தில் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் தாய்மொழி சுத்தமாக வரும். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எங்கள் எல்லோருடைய பிறந்தநாளும் அவருக்கு மனப்பாடம். கஸ்டமர் மனசு நோகக்கூடாது என்பது அவருடைய ஒரே கொள்கை. விஞ்ஞானம் அந்தக் கொள்கைக்கு அவ்வப்போது இடைஞ்சல் செய்யும்.

ஆற்றிலிருந்து மண் எடுத்து வருவது எங்கள் டிரைவர். டிரைவர் என்பது சும்மா ஒரு பேச்சுக்கு. ஜீப் ஓட்டுவது அவர், முழங்கால் புதையும் சேற்றில் இறங்கி அள்ளுவது அவர், கண்ணாடி பாட்டிலில் அடைத்து ஐஸ் பெட்டியில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவருவதும் அவர். ரிப்போர்ட்டில் மட்டும் அவர் பெயர் எங்கேயும் இருக்காது. நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவரும் தங்கவயல்காரர். இன்றைக்கும் விடியற்காலையில் அங்கிருந்து ரயில் பிடித்துத்தான் வருகிறார். அவருடைய அப்பாவும் என் அப்பாவும் ஒரே சுரங்கத்தில் வேறு வேறு ஷிப்டில் இறங்கியவர்கள் என்பது நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தெரிந்துவிட்டது. இரண்டு தங்கவயல்காரர்கள் சந்தித்தால் ஐந்து நிமிஷத்தில் உறவைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்கு எந்த மெஷினும் வேண்டாம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு புரட்டாசி மாதம் ஆனேக்கல் பக்கத்திலிருந்து ஒரு வேலை வந்தது. அங்கே ஒரு ஆற்றைத் தூர்வாரிக்கொண்டிருந்தார்கள். வாரிய சேறு கரையில் மலையாகக் குவிந்துவிட்டது. அதை எங்கே கொட்டுவது என்று யோசித்த காண்டிராக்டருக்கு ஒரு புண்ணிய காரியம் தோன்றியது. வண்டல் மண் என்று பெயர் வைத்து, சுற்றுவட்டார விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுத்துவிடலாம்! வயலுக்கும் உரம், தனக்கும் இடம் காலி. ஆறு வருகிற வழியில் கரையோரமாகப் பெயின்ட் டப்பாவும் எண்ணெய் பீப்பாயும் கழுவும் கொட்டகைகள் வரிசையாக இருந்தன. அதனால், இந்த மண்ணில் ஒன்றுமில்லை என்று யாராவது ஒரு காகிதம் கொடுத்தால் நன்றாயிருக்கும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். காகிதம் கொடுப்பதுதானே எங்கள் தொழில்.

அண்ணன் போய் இரண்டு பாட்டில் சேறு எடுத்துவந்தார். பாட்டிலை என் மேஜைமேல் வைத்துவிட்டு உடனே நகரவில்லை.

"அந்த ஆத்துப் பக்கத்துலதாம்மா எங்க அக்கா கீது. முக்கா ஏக்கரு. கொத்தமல்லி, கீரதான் போடும். மாமா போனப்புறம் அந்த நெலம் ஒண்ணுதான் அதுக்கு. இந்த மண்ணுக்குப் பன்னெண்டு லோடு வேணும்னு பேரு குடுத்துட்டு வந்துடுச்சு. ஃப்ரீன்னா நம்ம ஜனம் வுடுமா?"

"நீங்க மோந்து பாத்தீங்களாண்ணா?"

"பாத்தேன். பெட்ரோல் பங்க்ல நின்னாப்புல கீது. அதான் கேக்கறேன். நீ பாத்து சொல்லும்மா. நல்ல மண்ணுன்னா போடட்டும். இல்லன்னா நானே போய் வேணாம்னு சொல்லிடறேன். நெலம் கெட்டுப்போச்சுன்னா அது எங்கம்மா போகும்?"

"சொல்றேண்ணா" என்றேன். ரிசல்ட்டை கஸ்டமரைத் தவிர வேறு யாரிடமும் மூச்சுவிட மாட்டேன் என்று வேலையில் சேரும்போதே கையெழுத்துப் போட்டுக்கொடுத்தவள் நான். அதையெல்லாம் அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. ஊர்க்காரர் கேட்கிறார், அதற்கும் கீழே ஒரு கையெழுத்தா கேட்க முடியும்?

ஒரு பாட்டில் சேற்றை அலுமினியத் தாள் விரித்த தட்டுகளில் பரப்பிக் காயவைத்தேன். இன்னொரு பாட்டிலை மூடி திறக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்தேன். சேற்றுத் தட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு நிறையச் சுத்தமான மணல். இதை நாங்கள் பிளாங்க் என்போம். சேற்றுக்கு என்னவெல்லாம் செய்கிறோமோ அதையெல்லாம் அந்த மணலுக்கும் செய்வோம். கடைசியில் மணலில் ஏதாவது தென்பட்டால் அது ஆற்றின் குற்றமல்ல, எங்கள் குற்றம். மனுஷருக்கும் இப்படி ஒரு பிளாங்க் வைத்துப் பார்த்தால் பாதிப் பேருக்குத் தலை நிமிராது.

அந்தச் சமயம் பார்த்து ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் அன்றைக்கு ஆணியிலிருந்து ஆகாய விமானம் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிடுவார்கள். விடுமுறை வீணாகக் கூடாது என்பதற்காக ஆபீசுகளில் முந்தைய நாளே பூஜையை முடித்துவிடுவது வழக்கம். எங்கள் லேபிலும் அப்படித்தான். எல்லோரும் பட்டம் வாங்கிய ரசாயனக்காரர்கள், வேட்டியும் பட்டுப் புடவையுமாக வந்து இறங்கினோம். எங்கோ வெளிநாட்டில் செய்து கப்பலில் வந்த மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கழுத்தே இல்லாத அதற்கு எப்படியோ ஒரு சாமந்தி மாலையும் போட்டாயிற்று. பிறகு சர்வீஸுக்கு வந்த என்ஜினீயர், அந்தக் குங்குமத்தைப் பார்த்து ஏதோ எச்சரிக்கை அடையாளம் என்று நினைத்து அரைமணி நேரம் தொடவே இல்லை. துல்லியத் தராசின் தட்டிலும் யாரோ ஒரு பொட்டு வைத்துவிட்டார்கள். ஜீப்பின் நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். கீழே தெருவில் பூசணிக்காய் தயாராக இருந்தது.

தூபக்காலை என் கையில் கொடுத்தார்கள். "லேடீஸ் காட்டினாதான் லட்சணம்" என்றார் மேனேஜர். பதவி உயர்வில் காட்டாத மரியாதையையெல்லாம் இந்த மாதிரி விஷயங்களில் ஈடு கட்டிவிடுவார். கற்பூரம் ஏற்றி மெஷினுக்கு ஆரத்தி ஆனது. நான் சாம்பிராணியை அள்ளிப் போட்டு அறை அறையாகக் காட்டிக்கொண்டு போனேன். மண் காயும் அறை வாசலில் அண்ணன் நின்றிருந்தார். புதுச் சட்டை, நெற்றி நிறைய விபூதி.

"அந்த மண்ணுக்கும் ரெண்டு சுத்துக் காட்டும்மா. அக்கா நெலத்துக்குப் போற மண்ணு. நல்லபடியா வரட்டும்."

நான் பதினாலு வருஷம் இந்தத் தொழிலில் இருப்பவள். எரிகிற எந்தப் பொருளின் புகையிலும், நாங்கள் சேற்றில் தேடுகிற சாமான்களில் நாலைந்து இருக்கும் என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பாடம் எடுப்பவளும் நானே. ஊருக்குத்தானே உபதேசம்! அவர் முகத்தைப் பார்த்தேன், உள்ளே போனேன், தட்டுகளுக்குமேல் இரண்டு சுற்று காட்டினேன். மூன்றாவதாக ஒன்று என் கணக்கில் சேர்த்துக் காட்டினேன். பக்கத்திலிருந்த மணலுக்கும் அந்தப் புண்ணியம் போய்ச் சேர்ந்தது. பிறகு பொரிகடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

விடுமுறை முடிந்து வந்து, சேற்றையும் மணலையும் கரைப்பானில் ஒரு நாள் பூரா வேகவைத்து, சுண்டவைத்து, வடிகட்டி மெஷினில் ஏற்றினேன். மெஷின் ஒவ்வொரு பொருளையும் ஒரு கோபுரமாக வரைந்து காட்டும். முதல் பெரிய கோபுரத்துக்குப் பக்கத்தில் பெயரைப் பார்த்தேன். கற்பூரம்! மணலைப் பார்த்தேன். அதிலும் கற்பூரம். அதன் பின்னால் சாம்பிராணிப் புகையின் சில்லறைகள் சின்னச் சின்னக் கோபுரமாக நின்றன.

ஆனால் சேற்றில் அது மட்டுமா இருந்தது? பெயின்ட், கழிவு எண்ணெய், பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் திரவம், பீப்பாய் கழுவிய கரைசல், எல்லாம் பேப்பரின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றன. இதில் சில, புற்றுநோயோடு தொடர்புடையவை என்று பாடப்புத்தகத்திலேயே இருப்பவை. எந்தச் சாமிக்கும் எந்த ஊரிலும் பெயின்ட்டால் தூபம் போடுவதில்லை.

மேனேஜர் வந்து திரையைப் பார்த்தார்.

"இது என்னம்மா, ஃபர்ஸ்ட்ல நிக்கறது?"

"கற்பூரம் சார்."

"ஆத்துலயா?"

"நம்ம பூஜையில சார். தட்ட மூடி வைக்காம வுட்டுட்டேன். என் தப்புதான்."

அவர் முகம் மலர்ந்தது. மாசு கலந்துவிட்டது என்று கேட்டு ஒரு லேப் மேனேஜர் இவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அப்போ மத்ததும் நம்ம லேப்ல இருந்துதான் வந்திருக்கும்."

"மத்தது எப்படி சார் வரும்? மணல்ல துளியூண்டு இருக்கு, சேத்துல அவ்வளவு இருக்கு. ஃப்ரிட்ஜ்ல இன்னொரு பாட்டில் மூடினபடியே கீது. ஒரு வாரம் குடுங்க, மறுபடி பண்ணிடறேன்."

"ரிப்போர்ட் நாளைக்குப் போகணும்மா. சும்னே டென்ஷன் ஆகாதீங்க. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி."

கொஞ்சம் அனுசரித்துப் போ என்கிறார். அவர் எப்படி அட்ஜஸ்ட் செய்தார் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் 'இல்லை' என்று எழுத மாட்டோம். 'பி.டி.எல்.' என்று எழுதுவோம். கண்டறியும் அளவுக்குக் கீழே என்று அர்த்தம். அந்த அளவு எது என்பதை லேப்தான் வைத்துக்கொள்ளும். மணலில் புகை ஏறியிருந்தால், அதற்கு மேலே அளவை உயர்த்திக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. எவ்வளவு உயர்த்தலாம் என்பதில்தான் மேனேஜரின் தாராள மனசு வேலை செய்தது. சேற்றில் இருந்தவை எல்லாம் அடியில் மறையும்வரை உயர்த்திக்கொண்டே போனார். வாசல் நிலையைப் பத்தடிக்கு ஏற்றிவிட்டு, தலை இடிக்கிற அளவுக்கு இந்த ஊரில் யாருமே உயரமில்லை என்று எழுதிக் கொடுப்பது மாதிரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். பூசணிக்காயைத் தெருவில் உடைத்துவிட்டோம், மறைக்க எங்களிடம் சேறுதான் மிச்சம் இருந்தது. பதினாறு பொருள், பதினாறு பி.டி.எல். கீழே 'சோதித்தவர்' என்ற இடத்தில் யார் கையெழுத்து? என் கையெழுத்துதான். கை நடுங்கியது என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். வழக்கம்போல அழகாகத்தான் விழுந்தது.

மறுநாள் கீழே டீக்கடையில் அண்ணன் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா ஆச்சு நம்ம மண்ணு?"

"பி.டி.எல். வந்துகீதுண்ணா."

"அப்படின்னா இன்னா?"

சாம்பிராணி காட்டியதால் ரிசல்ட் கெட்டுப்போனது என்று சொல்ல வாயைத் திறந்தேன். காட்டச் சொன்னவர் எதிரே டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தார். தன்னால்தான் என்று தெரிந்தால் தலையில் அடித்துக்கொள்வார் என்று தோன்றியது. இரக்கம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். அதில் முக்கால் பங்கு, படித்தவள் செய்த மடத்தனம் வெளியே வரக்கூடாது என்ற வெட்கம்தான்.

"இல்லன்னு அர்த்தம்ணா."

அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தியா, ரெண்டு சுத்துக் காட்டினது வீண்போகல" என்றார். அந்த டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

மனசு கேட்கவில்லை. அடுத்த வாரம், யாரிடமும் சொல்லாமல் ஃப்ரிட்ஜில் இருந்த பாட்டிலை எடுத்தேன். இந்தத் தடவை மூடிய பெட்டிக்குள் காயவைத்தேன், பக்கத்தில் ஊதுவத்தி வாசனைகூட அண்டவிடவில்லை. மணல் சுத்தமாக வந்தது. சேற்றில் கற்பூரம் காணாமல் போயிருந்தது. மற்ற எல்லாம் அப்படியே, அதே உயரத்தில் நின்றன. சாமி கிளம்பிப் போய்விட்டார், சேறு தன் சொந்த யோக்கியதையோடு உட்கார்ந்திருந்தது.

பேப்பரை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். கோபம் வந்திருக்க வேண்டும், சுத்தத் தமிழில் பேசினார்.

"போன ரிப்போர்ட்டைத் தோண்டக் கூடாதும்மா. மண்ணைத் தோண்டுவதுதான் நம் வேலை. நீங்கள் தட்டை மூடாமல் வைத்தீர்கள் என்று எழுதிக் கஸ்டமருக்கு அனுப்பட்டுமா?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இங்கே இரண்டும் என் வீட்டு முகவரிக்கே வரும் போலிருந்தது. பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கம்ப்யூட்டரில் அந்த ரிசல்ட்டுக்கு 'ட்ரையல்' என்று பெயர் வைத்தேன்.

அண்ணனிடம் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்த நாளைக்கு அவர் வேறு ஊருக்கு மண் எடுக்கப் போயிருந்தார். மறுநாள் அவர் ரயில் லேட், அலுத்துப்போய் வந்தார், அலுத்துப்போனவரிடம் போய் எப்படிச் சொல்வது? அதற்கு மறுநாள் எனக்குத் தலைவலி. காண்டிராக்டர் வேறு எங்காவது கொட்டியிருப்பான், அக்காவுக்கு மண்ணே வந்து சேராது, நம்ம ஊரில் இலவசம் என்று சொன்னது எது ஒழுங்காக வந்திருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவரும் அந்த மண்ணைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. கேட்டவருக்குத்தான் பதில் கிடைத்துவிட்டதே. பயந்தாங்கொள்ளிக்குச் சாக்கா பஞ்சம்?

மார்கழிக் குளிரில் ஒரு காலை, அண்ணன் ஒரு கோணிப்பையைத் தோளில் சுமந்துகொண்டு மாடியேறி வந்தார். வாயைப் பிரித்ததும் லேப் முழுக்கக் கொத்தமல்லி மணம். எங்கள் கரைப்பான் நெடியும் கீழ்க்கடைப் பிரியாணியும் அன்றைக்கு அதற்கு வழிவிட்டு ஒதுங்கின.

"அக்கா தோட்டத்துது. புது மண்ணுல சும்மா சூப்பரா வந்துகீது. ஆளுக்கு ஒரு கட்டு எடுத்துக்கோங்க."

எல்லோரும் முண்டியடித்து எடுத்தார்கள். மேனேஜர் மூன்று கட்டு எடுத்தார். சட்னிக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மாமியார் வீட்டுக்கு ஒன்று என்று சொல்லிக்கொண்டே முகர்ந்து பார்த்தார். தான் எழுதியதைத் தானே முழு மனதாக நம்புகிற மனிதர்! அன்றைக்கு எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது. கொத்தமல்லிக்குள் அந்தச் சேற்றிலிருந்து எவ்வளவு ஏறியிருக்கும், ஏறியிருக்குமா என்பதே எனக்குத் தெரியாது. அதை யாரும் சோதிக்கச் சொல்லவில்லை.

அண்ணன் என் மேஜைக்கு வந்தார். கையில் வாழைநாரால் கட்டிய பெரிய கட்டு ஒன்று தனியாக இருந்தது.

"இது உனக்குன்னு அக்கா தனியா கட்டிக் குடுத்துச்சும்மா. டெஸ்ட் பண்ண பொண்ணுக்குக் குடுன்னு."

"எனக்கு வேணாம்ணா. வீட்ல கீது."

"இருந்தா இன்னா? இதப் பாரு, எப்படி மணக்குது."

கட்டை நீட்டினார். வாங்கிக் குப்பையில் போட்டிருக்கலாம், அவ்வளவு சுலபமான காரியம். கை எழவே மாட்டேன் என்றது. பெரிய உத்தமிக் கை! பதினாறு பி.டி.எல்.லுக்குக் கையெழுத்துப் போட்டபோது எங்கே போயிருந்ததாம்? அண்ணன் என் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். நீட்டிய கட்டு மெல்லத் தாழ்ந்தது.

"இன்னாம்மா?"

"அந்த மண்ணுல கீதுண்ணா."

"இன்னா கீது?"

"எல்லாம் கீது. நீங்க மோந்து பாத்தது சரிதான்."

"நீதானம்மா இல்லன்னு சொன்னே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சாம்பிராணி, மணல், மேனேஜர் ஏற்றிய அளவு, ஃப்ரிட்ஜ் பாட்டில் என்று முன்னும் பின்னுமாக உளறிக்கொட்டினேன். அவர் சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோணிப்பையின் வாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டே ஒன்றே ஒன்று கேட்டார்.

"உனக்கு எப்பம்மா தெரியும்?"

நேற்றுதான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"தீபாவளிக்கு முன்னாடியேண்ணா."

கட்டை விரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு ஏதோ எண்ணிப் பார்த்தார்.

"தீபாவளி கழிச்சுதாம்மா மொத லோடே எறங்குச்சு" என்றார். "எறங்கின மண்ணு நாத்தத்துல அக்கா பயந்துக்கினு வேணாம்னுதான் சொல்லுச்சு. நாந்தான், டெஸ்ட் பண்ணது நம்ம பொண்ணு, தைரியமா போடுக்கான்னேன்."